ராத்திரி எட்டே முக்காலுக்கு ஒரு வரி!

"எண்ணெய் ஏறிடுச்சு தம்பி" என்றார் அண்ணாச்சி, பாக்கெட்டை எடுத்து வைப்பதற்கு முன்பே.

2024 செப்டம்பர். ஓணம் முடிந்த வாரம். எங்கள் தெருமுனை மளிகைக் கடை. அம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் மூன்றாவது அயிட்டம் சூரியகாந்தி எண்ணெய். போன தடவை வாங்கியதைவிட லிட்டருக்கு 15 ரூபாய் கூடுதல்.

"என்ன அண்ணாச்சி, ஒரே வாரத்துலயா?"

"என்னைக் கேட்டா? வெள்ளிக்கிழமை ராத்திரி டெல்லியில வரி ஏத்திப்புட்டான். சனிக்கிழமை காலையில ஏஜென்ட் போன் போட்டுச் சொல்லுதான்."

"இப்போ பார்லிமெண்ட்டே நடக்கலியே!" என்றேன், பி.காம். படித்த மிதப்பில்.

"அதத்தான் நானும் கேக்கேன். பார்லிமெண்ட் நடக்காம எப்படி வரி போடுதான்? நீதான் இதையெல்லாம் படிச்சவனாச்சே, சொல்லு பாப்போம்!"

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் வாங்க வந்ததை மறந்து என்னையே பார்த்தார்கள். காலேஜில் மறைமுக வரிகள் பேப்பரில் நான் வாங்கியது 43 மார்க். அந்த 43-ல் கஸ்டம்ஸ் சட்டத்தின் பங்கு பூஜ்யம். சாய்ஸில் விட்டுவிட்டேன். "விசாரிச்சுட்டு வந்து சொல்றேன் அண்ணாச்சி" என்று பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நழுவினேன்.

சாய்ஸில் விட்ட பாடம் சும்மா விடாது என்பார்கள். விடவில்லை.

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் நிஜம். செப்டம்பர் 13-ம் தேதி வெள்ளிக்கிழமை வந்த அறிவிப்பில், கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் அடிப்படை இறக்குமதி வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக ஏறிவிட்டது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5-லிருந்து 32.5. செஸ், அதன் மேல் இன்னொரு செஸ் எல்லாம் சேர்த்தால், கச்சா எண்ணெய்க்கு 5.5 சதவீதமாக இருந்தது ஒரே ராத்திரியில் 27.5. மறுநாளே அமல். நாம் தாளிக்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது என்பதால், அந்த அறிவிப்பு கிட்டத்தட்ட எல்லா வீட்டு வாணலியையும் தொட்டது.

ஏற்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சோயா விவசாயிக்கு, அரசாங்கமே நிர்ணயித்த குவின்டாலுக்கு 4,892 ரூபாய் கூட மார்க்கெட்டில் கிடைக்கவில்லை. வெளிநாட்டு எண்ணெய் மலிவாக வந்து இறங்கினால் உள்ளூர் விதையை யார் வாங்குவார்கள்? நியாயமான கவலைதான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பழைய வரியில் வந்த எண்ணெயே 30 லட்சம் டன் நாட்டில் இருக்கிறது, 45 முதல் 50 நாளைக்குத் தாங்கும், அதுவரை விலையை ஏற்றாதீர்கள் என்று மத்திய உணவுத் துறையே கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் ஏறியது. 'ஏன் ஏறியது?' என்று அந்த வாரமே விளக்கமும் கேட்டது. ஆக, நான் கொடுத்த 15 ரூபாய், இன்னும் கட்டாத வரிக்கு!

சரி, விலை போகட்டும். அண்ணாச்சி கேட்டது விலையைப் பற்றி அல்ல. அனுமதியைப் பற்றி.

அந்த வருடம் பட்ஜெட் கூட்டத்தொடர் ஆகஸ்ட் 9-ம் தேதியே முடிந்துவிட்டது. அடுத்த கூட்டம் நவம்பர் 25-ல்தான். நடுவில் பார்லிமெண்ட் கதவு பூட்டிக் கிடக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவோ ஒரே ஒரு வரிதான்; அட, எழுத்து வரியைச் சொல்கிறேன். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. அவ்வளவுதான். 'ஆனால்', 'இருப்பினும்', 'மேற்படி' எதுவும் கிடையாது. அரசியல் சட்டத்தில் இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிற இடங்கள் ரொம்பக் குறைவு.

அப்படியானால் செப்டம்பர் 13 ராத்திரி அந்தச் 'சட்டத்தின் அதிகாரம்' எங்கிருந்து வந்தது?

ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியை நினைத்துக்கொள்ளுங்கள். புடவையில் 1,000 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. வாசலில் 'ஐம்பது சதவீதம் தள்ளுபடி' என்று பேனர். நீங்கள் 500 கொடுக்கிறீர்கள். அடுத்த வாரம் முதலாளி பேனரைக் கழற்றி, 'இருபது சதவீதம் தள்ளுபடி' என்று வேறு பேனர் கட்டுகிறார். அதே புடவை 800 ரூபாய். 'ஏன் ஸார் விலையை ஏத்தினீங்க?' என்று சண்டைக்குப் போனால் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: 'விலையை யாருங்க ஏத்தினது? சீட்டைப் பாருங்க, அதே ஆயிரம்தான். தள்ளுபடியைத்தான் குறைச்சிருக்கோம்.'

இறக்குமதி வரி நடப்பது இப்படித்தான். 1975-ம் வருட சுங்கக் கட்டணச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு என்று சீட்டு ஒட்டுவது பார்லிமெண்ட். பெரும்பாலும் தாராளமான சீட்டு. அதில் எவ்வளவு தள்ளுபடி என்று பேனர் கட்டுவது மத்திய அரசு. 1962-ம் வருட கஸ்டம்ஸ் சட்டத்தின் 25-வது பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது. 'பொதுநலன் கருதி' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். கெஜட்டில் ஒரு நோட்டிஃபிகேஷன். குடியரசுத் தலைவர் கூட வேண்டியதில்லை, பெரும்பாலும் ஓர் அண்டர் செக்ரட்டரி கையெழுத்து. எண்ணெய்க்கு நடந்தது வரி ஏற்றமே அல்ல, சட்டத்தின் கண்ணில் அது தள்ளுபடிக் குறைப்பு!

'இத்தனை தேதி வரை தள்ளுபடி உண்டு' என்று பேனரிலேயே தேதி போட்டிருந்தால்? அதை நம்பி ஆர்டர் கொடுத்தவனுக்கு? இந்தக் கேள்வியும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. 1979 மார்ச்சில் பி.வி.சி. ரெஸினுக்கு, அதாவது நம் வீட்டு பைப் ஆகிற பிளாஸ்டிக் மூலப்பொருளுக்கு, வரி விலக்கு கொடுத்தார்கள். 1981 மார்ச் 31 வரை என்று தேதியும் போட்டார்கள். அதை நம்பி வியாபாரிகள் வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்தார்கள். 1980 அக்டோபரிலேயே பேனரைக் கழற்றிவிட்டார்கள். 'சொன்ன சொல் என்னாச்சு?' என்று வியாபாரிகள் போட்ட வழக்கு ஊர்ந்து ஊர்ந்து போய், 1994-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பொதுநலன் என்று கொடுத்ததைப் பொதுநலன் என்றே திரும்பப் பெறலாம், அரசாங்கத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று. தேதி போட்ட பேனரும் பேனர்தான், பத்திரம் அல்ல.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாமா 'அடுத்த மாசம் தரேன்' என்று சொன்னால் அப்பா அதை டைரியில் எழுத மாட்டார். அந்த ஞானம் பி.வி.சி. வியாபாரிகளுக்கு இல்லாமல் போனது.

பார்லிமெண்ட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மாவா இருக்கிறது? இல்லை. அரசாங்கம் வெளியிடும் ஒவ்வொரு விலக்கு அறிவிப்பையும் சபையின் மேஜை மேல் வைக்கவேண்டும் என்று அதே கஸ்டம்ஸ் சட்டத்தில் 159-வது பிரிவு சொல்கிறது. கூட்டம் நடக்கிற 30 நாள் அது அங்கே இருக்கும். இரண்டு சபையும் சேர்ந்து 'இது வேண்டாம்' என்றால் போச்சு. ஒன்றும் சொல்லாவிட்டால் அப்படியே நிற்கும். எங்கள் வீட்டு மேஜையிலும் கரண்ட் பில் இப்படித்தான் வைக்கப்படுகிறது. யாரும் ஆட்சேபிப்பதில்லை. யாரும் படித்துப் பார்ப்பதும் இல்லை. மௌனம் சம்மதம்!

எண்ணெய்க் கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே கடைசியில் கச்சா எண்ணெய் வரியை 20-லிருந்து 10 ஆக இறக்கினார்கள். அப்போதும் பார்லிமெண்ட் நடக்கவில்லை. ஏப்ரல் 4-ல் கலைந்த கூட்டம், ஜூலை 21-ல்தான் மறுபடி கூடியது. ஏறினதும் ஆள் இல்லாத வீட்டில், இறங்கினதும் ஆள் இல்லாத வீட்டில்.

இது தள்ளுபடிக் கணக்கு. பேனரை முழுசாகக் கழற்றினாலும் சீட்டில் உள்ள 1,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. சீட்டையே கிழித்துவிட்டு 3,000 என்று ஒட்டவேண்டும் என்றால்?

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 1975 சட்டத்தின் 8-ஏ பிரிவு. உடனே நடவடிக்கை எடுக்கவேண்டிய சூழ்நிலை என்று மத்திய அரசு திருப்திப்பட்டால், அட்டவணையையே திருத்தி வரியை ஏற்றலாம். எவ்வளவு? 'தேவை என்று கருதும் அளவு.' உச்சவரம்பு கிடையாது. ஆனால் இங்கே மௌனம் சம்மதம் ஆகாது. சபை கூடியிருந்தால் சீக்கிரமே, கூடவில்லை என்றால் மறுபடி கூடிய 7 நாளுக்குள், அறிவிப்பை மேஜையில் வைக்கவேண்டும். வைத்த 15 நாளுக்குள் அரசாங்கமே ஒப்புதல் தீர்மானம் கொண்டுவர வேண்டும். கல்யாணப் பெண்ணை வாயைத் திறந்து 'சம்மதம்' என்று சொல்லச் சொல்கிற மாதிரி. அந்தச் சம்மதம் வருவதற்குள் அதே பொருளுக்கு வரியை இன்னொரு தடவை மாற்ற முடியாது என்று கூடுதலாக ஒரு முடிச்சு.

இந்த 8-ஏ பிரிவு தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு ராத்திரியைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

2019 பிப்ரவரி 14, வியாழக்கிழமை. புல்வாமா தாக்குதல். மறுநாள் பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த வர்த்தகச் சலுகை அந்தஸ்தை இந்தியா வாபஸ் வாங்கியது. 16-ம் தேதி சனிக்கிழமை, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாப் பொருளுக்கும் 200 சதவீத வரி என்று அறிவிப்பு வந்தது. 100 ரூபாய்ச் சரக்குக்கு 200 ரூபாய் வரி. அந்த நேரத்து நாட்டின் மனநிலையில் இதை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கிற மனநிலையும் இல்லை.

ஆனால் பஞ்சாபில் அட்டாரி எல்லையில், அன்று காலையிலிருந்தே லாரிகள் வந்துகொண்டிருந்தன. எப்போதோ ஆர்டர் கொடுத்து, பணம் கட்டி, எல்லை தாண்டி வந்துவிட்ட சரக்கு. சொந்த ஊர் வியாபாரிகள், நம் நாட்டுப் பிரஜைகள். பகலிலேயே 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் செய்து, அப்போதிருந்த வரியைக் கணக்குப் போட்டாயிற்று. அதாவது டிக்கெட் வாங்கி, பஸ் ஏறி, சீட்டிலும் உட்கார்ந்தாயிற்று.

ராத்திரி 8 மணி 46 நிமிடம் 58 வினாடிக்கு அறிவிப்பு ஈ-கெஜட்டில் ஏறியது.

கஸ்டம்ஸ் சரக்கை விட மறுத்தது. '16-ம் தேதி அறிவிப்பு என்றால் 16-ம் தேதி முழுவதற்கும்தான். நள்ளிரவு 12 மணியிலிருந்தே 200 சதவீதம். காலையில் பேப்பர் கொடுத்திருந்தாலும் கட்டு.' இதுதான் அரசாங்கத்தின் வாதம். கண்டக்டர் ராத்திரி வந்து, 'டிக்கெட் விலை ஏறிடுச்சு, காலைல ஏறினவங்களும் மிச்சத்தை எடுங்க' என்கிற மாதிரி.

யோசித்துப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு லட்சம் வரி. விற்றால் போட்ட முதல் கூடத் தேறாது, விற்காவிட்டால் கோடவுன் வாடகை. எந்தத் தப்பும் செய்யாத ஒரு வியாபாரியின் தலைவிதி, அவர் பேப்பர் கொடுத்தது சாயங்காலமா ராத்திரியா என்பதில் தொங்கியது.

பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் 2019 ஆகஸ்டில் வியாபாரிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசாங்கம் விடவில்லை, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2020 செப்டம்பர் 23-ம் தேதி நீதிபதிகள் சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா, கே.எம்.ஜோசப் மூவரும் அப்பீலைத் தள்ளினார்கள். ஜி.எஸ்.சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கு என்று பெயர். சாராம்சம் இதுதான்: கெஜட் அச்சாகி வந்த காலத்தில் தேதி மட்டும் பார்த்தோம். இப்போது கம்ப்யூட்டரே மணி, நிமிடம், வினாடி முத்திரை குத்துகிறது. அறிவிப்பு பிறந்தது 8.46.58-க்கு. அதற்கு முன்னால் தாக்கலான பில்லுக்கு அது எப்படிப் பொருந்தும்? பார்லிமெண்ட் இரவல் கொடுத்த அதிகாரத்தில் போடுகிற வரியை, பின்தேதிக்குக் கொண்டுபோகும் உரிமையை பார்லிமெண்ட் கொடுக்கவில்லை.

வினாடி வரைக்கும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் எந்த விழாவும் சொன்ன மணிக்கு ஆரம்பிப்பதில்லை. வரியாவது ஆரம்பிக்கட்டுமே!

ஆனால் இதில் ஒரு உறுத்தல் பாக்கி இருக்கிறது. அந்தச் 'சம்மதம்' விஷயம் என்ன ஆயிற்று? 16-வது லோக்சபா தன் கடைசிக் கூட்டத்தை முடித்தது 2019 பிப்ரவரி 13-ல். தாக்குதலுக்கு முதல் நாள். பிறகு தேர்தல். புது சபை கூடியது ஜூன் 17. ஆக, நான்கு மாதம் அந்த 200 சதவீதம் மக்கள் பிரதிநிதிகளின் தலையாட்டல் இல்லாமலே ஓடியது. சட்டப்படி அது குற்றமில்லை, கூடிய பிறகு கேட்டால் போதும். கேட்டார்கள். ஒப்புதலும் கிடைத்தது. வரி நின்றது. (2025 மே மாதம் பாகிஸ்தான் இறக்குமதிக்கே முழுத் தடை வந்துவிட்டதால், இன்று அந்தச் சதவீதத்துக்கு வேலை இல்லை.)

ஒரு பேச்சுக்கு, சபை 'முடியாது' என்று சொல்லியிருந்தால்? அன்றிலிருந்து வரி போயிருக்கும். அதுவரை வசூலித்த பணம் திரும்பி வராது! இடைப்பட்ட காலத்தில் நடந்தது செல்லும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 'சம்மதம் இல்லை' என்று பெண் சொல்லிவிட்டாலும் சாப்பிட்ட விருந்து சாப்பிட்டதுதான்.

அரசாங்கத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்று என் ஆடிட்டர் நண்பன் சொல்கிறான். 'வரியை ஏத்தப் போறோம், வாங்க, ஒரு வாரம் விவாதிப்போம்னு சபைல சொன்னா, அந்த ஒரு வாரத்துல அத்தனை கப்பலும் வந்து இறங்கிடும்டா.' ஒத்துக்கொள்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாகப் போடவேண்டிய வரிகள் உண்டு. என் தகராறு அவசரத்தோடு அல்ல, அதற்கப்புறம் வருகிற மௌனத்தோடு.

இந்த அவசரத்துக்கும் அனுமதிக்கும் நடக்கிற சண்டையில், எனக்குப் பிடித்த ஹீரோ ஒரு பத்திரிகைக்காரர். (நம்ம ஜாதி!) தாமஸ் கிப்ஸன் பௌல்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர். 1868-ல் லண்டனில் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகையை ஆரம்பித்தவர், எம்.பி.யாகவும் இருந்தவர். அந்தக் காலத்தில் பட்ஜெட் அன்று காமன்ஸ் சபை ஒரு தீர்மானம் போடும். சட்டம் நிறைவேற மாதக்கணக்கு ஆகும். ஆனால் தீர்மானத்தை வைத்தே வரியைப் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம். 1912-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் பத்திர வட்டியில் வருமான வரியைப் பிடித்தபோது, பௌல்ஸ் கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் வைக்கவில்லை, தானே வாதாடினார். 'ஒரு சபையின் தீர்மானம் சட்டமா?' ஒரே கேள்வி. கோர்ட் 'இல்லை' என்றது. ஜெயித்துவிட்டார்! ஒரு சாம்ராஜ்யத்தின் பட்ஜெட் பழக்கமே ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தில் தடுக்கி விழுந்தது. 1913-ல் அவசரமாக ஒரு சட்டம் போட்டு ஒட்டுப்போட்டார்கள்.

அதே மாதிரி ஒட்டு நமக்கும் உண்டு. பட்ஜெட் அன்று ராத்திரி 12 மணிக்கே சில வரிகள் அமலாவது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? 1931-ல் வெள்ளைக்காரன் போட்ட தற்காலிக வரி வசூல் சட்டம். 2023-ல் அதைத் தூக்கிவிட்டு அதே பெயரில் நாமே ஒன்று போட்டுக்கொண்டோம். மசோதா தாக்கலான அன்று நள்ளிரவிலிருந்து வசூலிக்கலாம், ஆனால் 75 நாள்தான் கெடு. அதற்குள் நிறைவேறாவிட்டால் வசூலித்த கூடுதல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கவனித்தீர்களா? இதில் பணம் திரும்பி வருகிறது. 8-ஏ பிரிவில் வருவதில்லை. ஒரே பார்லிமெண்ட் போட்ட இரண்டு கணக்கு.

கடல் தாண்டி அமெரிக்காவில் இதே கூத்து பெரிய அரங்கத்தில் நடந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் போட்டார் அதிபர் டிரம்ப். வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு (அவர்கள் பார்லிமெண்ட்டுக்கு) என்று அந்த ஊர் அரசியல் சட்டம் முதல் ஷரத்திலேயே சொல்கிறது. அவர் கையில் எடுத்தது 1977-ம் வருட நெருக்கடிச் சட்டம். அதில் இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்று இருக்கிறது. 'வரி' என்ற வார்த்தையே இல்லை.

காங்கிரஸ் என்ன செய்தது? இதுதான் நான் படித்ததிலேயே உச்சக்கட்டக் காமெடி. நெருக்கடி நிலையை ரத்து செய்யச் சொல்லி ஒரு உறுப்பினர் தீர்மானம் கொடுத்தால், இத்தனை நாளுக்குள் ஓட்டெடுப்பு நடத்தவேண்டும் என்று அங்கே சட்டம். ஓட்டெடுப்பு வந்தால் சங்கடம். ஆளுங்கட்சி என்ன செய்தது தெரியுமா? 2025 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் ஒரு விதி போட்டார்கள். இந்தக் கூட்டத்தொடர் முடியும் வரை, இந்த விஷயத்துக்கு மட்டும், ஒரு நாள் என்பது நாளே அல்ல! சூரியன் உதிக்கும், மறையும், உறுப்பினர்கள் சம்பளம் வாங்குவார்கள், ஆனால் கணக்கில் நாள் ஓடாது. நம் பஞ்சாங்கத்தில் கூட ராகுகாலம் ஒன்றரை மணி நேரம்தான். அவர்கள் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் வழக்குப் போட்டது யார்? நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்கிற சின்னக் கம்பெனி, பிள்ளைகளுக்குப் படிப்பு பொம்மை விற்கிற இன்னொரு கம்பெனி, இந்த மாதிரி ஆட்கள். பெரிய திமிங்கிலங்கள் முதலில் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கோர்ட் தாண்டி, 2026 பிப்ரவரி 20-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 6-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது: அந்தச் சட்டத்தில் வரி போட அதிகாரம் இல்லை. அன்றைக்கே அதிபர் 1974-ம் வருட வேறொரு சட்டத்தை எடுத்தார் என்பது தனிக் கதை. ஆனால் அந்தச் சட்டத்தில் கயிறு அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. 15 சதவீதத்துக்கு மேல் கூடாது. 150 நாளுக்கு மேல் வேண்டுமானால் காங்கிரஸ் நீட்டிக்கவேண்டும். நம் 8-ஏ பிரிவில் சதவீதத்துக்கு அப்படி ஓர் அளவுகோல் வைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இத்தனையும் சேர்த்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கடைக்குப் போனேன். கேள்வி கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது, ஆனால் கடன் கடன்தானே. கூட்டம் இல்லாத நேரம். ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்து அட்டாரி வரைக்கும் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார். 8.46.58 வந்தபோது தராசை நிறுத்திவிட்டார்.

"அப்போ அந்தக் கெஜட் ராத்திரி எட்டே முக்காலுக்கு வருது..."

"ஆமா."

"அது வந்த நிமிஷத்துலேர்ந்துதான் கணக்கு..."

"ஆமாங்க அண்ணாச்சி. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு."

"அப்படின்னா ஏழரைக்கே எவனாவது நமக்கு ஒரு போன் போட்டுச் சொன்னா, பத்து டின்னு கூட எடுத்து வச்சிரலாம்லா?"

"அதனாலதான் யாருக்கும் சொல்லாம ராத்திரில போடறாங்க" என்றேன்.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டுப் பொட்டலத்தைக் கட்டினார். கணக்குப் போட்டு, பாக்கி மூன்று ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று மூன்று மிட்டாய்களை எடுத்து என் கையில் வைத்தார்.

எந்தப் பிரிவின் கீழ் என்று நான் கேட்கவில்லை.